கருவை உடனே வைப்பதா, உறைய வைத்து வைப்பதா?
அந்தமானை முன்வைத்து ஒரு மதிப்பீடு

உடலுக்கு வெளியே உருவான கருவை மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தாயின் கருப்பையில் வைத்துவிடலாம். அல்லது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜனில் நிறுத்திவைத்து, ஒரு மாதமோ பல ஆண்டுகளோ கழித்து உறை நீக்கி வைக்கலாம். இந்த இரண்டில் எது நல்லது? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவருகிறது. உறைய வைப்பது எஞ்சிய கருக்களுக்கான சேமிப்பு என்றது ஒரு காலம். அதுவே சிறந்த சிகிச்சை என்றது இன்னொரு காலம். எல்லோருக்கும் அது பொருந்தாது என்கிறது இன்றைய நிதானம்.

இந்தப் பதில்கள் பெரும்பாலும் வெற்றி விகிதத்தை வைத்தே எடைபோடப்பட்டன. தம்பதிக்கும் சிகிச்சை மையத்துக்கும் இடையிலுள்ள தூரம் அந்தக் கணக்கில் அரிதாகவே வருகிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்பவர்களுக்கோ அதுதான் முதல் கணக்கு. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சென்னை சுமார் 1,370 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். பெரிய சிகிச்சை என்றால் தீவுக்காரர்கள் 'மெயின்லேண்ட்' போகிறார்கள். அது சென்னை அல்லது கொல்கத்தா. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இத்தீவுகளில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 1.3 மட்டுமே. குழந்தையின்மையின் அளவை இந்த எண் காட்டாது. சிறு குடும்பம் என்ற விருப்பமே இதற்குப் பெரும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் ஒன்றிரண்டு குழந்தைகளே போதும் என்று நிற்கும் சமூகத்தில், அந்த ஒன்றும் தங்காதவர்களின் தனிமை கூடுதலாக உறைக்கும்.

கல்கத்தாவில் தொடங்கிய வாதம்

உறைகரு வழியே பிறந்த முதல் குழந்தை 1984-இல் மெல்போர்னில் பிறந்தது என்றே உலகப் பதிவுகள் சொல்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டு ஆலன் டிரவுன்சனும் லிண்டா மோரும் உறைகருவால் உண்டான கருத்தரிப்பை 'நேச்சர்' இதழில் அறிவித்திருந்தார்கள். அந்தக் கர்ப்பம் 24 வாரத்தில் கலைந்தது. எலிக் கருவை உறைய வைத்து உயிர்ப்பித்த சாதனை இன்னும் முந்தியது. 1972-இல் விட்டிங்ஹாம், லீபோ, மேசர் மூவரும் அதைச் செய்தார்கள்.

ஆனால் 1978 அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் 'துர்கா' என்று அறிவிக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து அப்போது இரண்டு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், உறைகுளிர்த் துறை அறிந்த சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகிய மூவரும் அந்தக் கருவை டைமெத்தில் சல்பாக்சைடு என்ற காப்புத் திரவத்தில் 53 நாட்கள் உறைய வைத்திருந்ததாகத் தெரிவித்தார்கள். அதற்குச் சுபாஷ் சொன்ன காரணம்தான் நம் கேள்விக்கு முக்கியம். சினைப்பையை ஊசி மருந்தால் தூண்டிப் பல முட்டைகளை எடுக்கும் மாதத்தில், கருப்பையின் உள்சவ்வு கருவை ஏற்கும் நிலையில் இருக்காது. ஆகவே கருவைக் காக்க வைத்து, மருந்தின் தாக்கம் ஓய்ந்த இயற்கையான மாதவிடாய்ச் சுழற்சியில் வைக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்து உலகெங்கும் 'எல்லாவற்றையும் உறைய வை' என்று எழுந்த கொள்கையின் சாரம் இதுவே.

அன்று அவரை யாரும் நம்பவில்லை. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் கூற்றை நிராகரித்தது. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போக அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியில் அவர் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார். அவரது பணியை எடைபோடுவதில் உண்மையான இடர்ப்பாடு ஒன்றும் உண்டு: இந்தியக் குளிரியல் இதழில் வந்த சிறு குறிப்பைத் தவிர, பிறர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விரிவான கட்டுரையாக அது அச்சேறவில்லை. ஆனால் அச்சேற விடாமல் தடுத்த பழி அவருடையது அல்ல. 1986-இல் பம்பாயில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று பதிவாகியிருந்தது. அந்தச் சாதனைக்குப் பொறுப்பான அறிவியலாளர் டி.சி.ஆனந்த்குமார், சுபாஷின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் கல்கத்தாவுக்கே உரியது என்று 1997-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். தன் பெயரில் இருந்த பெருமையைத் தானே இறக்கி இன்னொருவர் பெயரில் ஏற்றிய அந்தச் செயலுக்கு இணை சொல்ல இந்திய அறிவியல் வரலாற்றில் அதிகம் கிடைக்காது.

பனிக்கட்டியும் கண்ணாடியும்

உறைய வைப்பதில் எதிரி குளிர் அல்ல, பனிப்படிகம். கருவின் செல்களுக்குள் இருக்கும் நீர் படிகமாகும்போது சவ்வைக் கிழித்துவிடும். முதல் தலைமுறை முறையில் காப்புத் திரவத்தில் ஊற வைத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக, மிக மெதுவாகக் குளிர்விப்பார்கள். செல்லுக்குள் இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். 1985-இல் ராலும் ஃபாஹியும் எலிக் கருவில் வேறு வழியைக் காட்டினார்கள். காப்புத் திரவத்தின் செறிவைக் கூட்டி, கண் இமைக்கும் வேகத்தில் குளிர்வித்தால், நீர் படிகமாக நேரமே இல்லாமல் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. 2000-களில் ஜப்பானின் குவயாமா போன்றோர் இதை மனிதக் கருவுக்குப் பழக்கினார்கள். இந்த 'விட்ரிஃபிகேஷன்' முறையில், நல்ல ஆய்வகங்களில், உறை நீக்கிய கருக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உயிரோடு மீள்கின்றன. மெதுவாகக் குளிர்வித்த காலத்தில் இழப்பு இதைவிடக் கணிசமாக இருந்தது.

உறைய வைப்பதைவிட உறை நீக்குவது இன்னும் நுட்பமானது. பொதுவெளியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எலி முட்டைகளில் பீட்டர் மேசரும் செகியும் 2011-இல் செய்த சோதனைகள், குளிர்விக்கும் வேகத்தைவிடச் சூடாக்கும் வேகமே உயிர் பிழைப்பைத் தீர்மானிக்கிறது என்று காட்டின. மெதுவாகச் சூடேறினால், கண்ணாடியாக இறுகிய நீர் வழியிலேயே படிகமாகிவிடும். அதனால்தான் நைட்ரஜனிலிருந்து எடுத்த கருவை நேரடியாக 37 டிகிரி கரைசலில் போடுகிறார்கள். அந்தக் கரைசலில் சர்க்கரைச் செறிவு அதிகம். காப்புத் திரவம் வெளியேறும் வேளையில் நீர் பாய்ந்து செல் வெடித்துவிடாமல் அது காக்கிறது. சில நொடிகளில் முடியும் இந்த வேலையில் தேர்ச்சி என்பது கருவியல் வல்லுநரின் கையில் இருக்கிறது. ஆண்டுக்குச் சில கருக்களே வந்துபோகும் சிறு மையத்தில் அந்தக் கைப்பழக்கம் எப்படி நிற்கும்? தீவிலேயே மையம் வேண்டும் என்று கோருபவர்கள் இதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் உறைய வைக்கலாமா?

இழப்பு குறைந்ததும் கொள்கை மாறியது. எஞ்சியதை மட்டும் உறைய வைத்த மையங்கள், எடுத்த மாதத்தில் எதையும் வைக்காமல் அனைத்தையும் உறைய வைக்கத் தொடங்கின. இதை ஆதரித்த முதல் பெரிய சான்று 2016-இல் சீனாவிலிருந்து வந்தது. நம் ஊரில் 'நீர்க்கட்டி' என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். உள்ள 1,508 பெண்களிடம் நடந்த ஆய்வு அது. முதல் முறை கரு வைத்ததில் குழந்தை பிறந்தவர்கள் உறைகருப் பிரிவில் 49.3 சதவீதம், உடனே வைத்த பிரிவில் 42 சதவீதம். சினைப்பை அளவு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்து 7.1 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதமாகக் குறைந்தது.

அடுத்து வந்தவை அந்த உற்சாகத்தைத் தணித்தன. நீர்க்கட்டி இல்லாத 2,157 பெண்களிடம் சீனாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை: உறைகருவுக்கு 48.7, உடனடிக் கருவுக்கு 50.2 சதவீதம். அதே ஆண்டு வியட்நாமில் 782 பெண்களிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. 2019-இல் மறுபடி ஊசல் திரும்பியது. ஐந்து நாள் வளர்ந்த ஒற்றைக் கருவை மட்டும் வைத்த சீன ஆய்வில் உறைகருவுக்கு 50 சதவீதம், உடனடிக் கருவுக்கு 40 சதவீதம். பிரிட்டனின் 'ஈ-ஃப்ரீஸ்' ஆய்வு 2022-இல் நேர் எதிராக வந்தது; ஆரோக்கியமான குழந்தை கிடைத்தவர்கள் உறைகருப் பிரிவில் 20.3, மற்றதில் 24.4 சதவீதம். ஆனால் அதில் உறைகருப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் கணிசமானோர் பாதியில் முறை மாறியதால் முடிவு தளர்ந்தது. எடுத்த முட்டைகளிலிருந்து கிடைத்த எல்லாக் கருக்களையும் ஒவ்வொன்றாக வைத்து முடித்த பின் கூட்டிப் பார்த்தால், மொத்தத்தில் இரண்டு வழிகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதே 2021-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின் முடிவு.

ஆகவே வெற்றி விகிதத்தை மட்டும் காட்டி எல்லோரையும் உறைகருவுக்குத் தள்ளும் விளம்பரங்களுக்கு ஆதாரம் போதாது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு மட்டும் காரணம் வலுவானது. அதிலும் தீவுப் பெண்ணுக்கு இன்னும் வலுவானது. வயிற்றில் நீர் கோக்கும் சிக்கல், கரு உடனே வைக்கப்பட்டுக் கர்ப்பம் தரித்தால், கர்ப்பத்தின் ஹார்மோனாலேயே ஒரு வாரத்துக்குப் பிறகு மீண்டும் கிளம்பலாம். அந்நேரம் அவர் சென்னையிலிருந்து தீவுக்குத் திரும்பி டிக்லிபூரிலோ ஹேவ்லாக்கிலோ இருக்கக்கூடும்.

தாயின் உடலில் நடப்பது

உறைகரு விவாதம் பல காலம் குழந்தை கிடைத்ததா என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டது. தாய்க்கு என்ன ஆகிறது என்ற கேள்வி பிந்தியே வந்தது. 2016 சீன ஆய்விலேயே அதன் அறிகுறி இருந்தது: கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் சேர்ந்த ப்ரீஎக்ளாம்ப்சியா, உறைகருப் பிரிவில் 4.4 சதவீதம், மற்றதில் 1.4. 2019 ஆய்வில் 3.1-க்கு 1.0. குழந்தைகள் எடை கூடிப் பிறப்பதும் உறைகருவில் சற்று அதிகம். நார்டிக் நாடுகளின் பதிவேடுகளில் குழந்தைப்பருவப் புற்றுநோய் சிறிது கூடுவதாக ஒரு சமிக்ஞை தெரிந்தது. தனி ஒரு குழந்தைக்கான ஆபத்து மிக மிகக் குறைவு என்பதால் இதை வைத்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை, தொடர்ந்து கண்காணித்தால் போதும்.

ப்ரீஎக்ளாம்ப்சியாவுக்குக் காரணம் உறைநிலைதானா என்று தோண்டியபோது வேறொன்று தென்பட்டது. உறைகருவை வைக்கக் கருப்பையை இரண்டு விதமாகத் தயார் செய்யலாம். ஒன்று, பெண்ணின் சொந்தச் சுழற்சியில் முட்டை வெளிப்படும் நாளைக் கண்டு அதை ஒட்டி வைப்பது. மற்றது, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் வெளியிலிருந்து கொடுத்து நாளை நாமே குறிப்பது. இரண்டாம் முறையில் முட்டை வெளிப்படுவதில்லை. அதன் பின் உருவாகும் 'கார்பஸ் லூட்டியம்' என்ற சுரப்பியும் இல்லை. அது சுரக்கும் ரிலாக்ஸின் உள்ளிட்ட பொருட்கள் ரத்தநாளங்களைக் கர்ப்பத்துக்குத் தயார் செய்கின்றன. ஸ்வீடன் பதிவேடுகளும் வேறு பல ஆய்வுகளும், உயர் ரத்த அழுத்தச் சிக்கல் இந்த மருந்துச் சுழற்சியில்தான் தெளிவாகக் கூடுகிறது என்று சுட்டின. காரணத்தொடர்பை உறுதிசெய்யப் பெரிய சமவாய்ப்பு ஆய்வுகள் இன்னும் வேண்டும். ஆனாலும், மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு இயற்கைச் சுழற்சியே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்ற கருத்து வலுத்துவருகிறது.

அந்தமான் தம்பதிக்குச் சிக்கல் இங்கேதான் முடிச்சாகிறது. உறைகருவின் பெரிய வசதி, சிகிச்சையை இரண்டு பயணமாகப் பிரிப்பது. முட்டை எடுக்கச் சென்னையில் இரண்டு வாரம். பிறகு ஊர் திரும்பி, விடுப்பும் பணமும் சேர்ந்தபின் கரு வைக்கச் சில நாள். நாளை முன்கூட்டியே குறித்து விமானச் சீட்டு எடுக்க உதவுவது மருந்துச் சுழற்சி. இயற்கைச் சுழற்சியிலோ முட்டை வெளிப்படும் நாள் ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அடுத்தடுத்து வேண்டும். தூரத்தால் வசதியாகும் முறையே தாய்க்கு ஆபத்தைக் கூட்டும் முறையாக இருக்கிறது. அந்த ஆபத்து வெளிப்படுவதும் சென்னையில் அல்ல, ஆறேழு மாதம் கழித்து, நிக்கோபாரின் கச்சாலிலோ கேம்ப்பெல் பேயிலோ. போர்ட் பிளேரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கேம்ப்பெல் பேயிலிருந்து, ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணியைக் கொண்டுவர ஹெலிகாப்டரோ கப்பலோ கிடைக்க வேண்டும். கடலும் வானமும் இடம் தர வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் மருத்துவமனைகளை இரண்டு நிலையாகப் பிரிக்கின்றன; முதல் நிலையில் விந்தணுவைக் கருப்பையில் செலுத்தும் எளிய சிகிச்சை, இரண்டாம் நிலையில் ஆய்வகக் கருத்தரிப்பு. கரு வைப்பதற்கு முந்தைய ஸ்கேன்களையும் ரத்தப் பரிசோதனையையும் தீவிலேயே ஒரு முதல் நிலை மையத்தில் செய்து, முடிவுகளை அன்றே சென்னைக்கு அனுப்பி, முட்டை வெளிப்படும் அறிகுறி தெரிந்ததும் விமானம் ஏறினால் ஐந்து நாள் கருவை வைக்க நேரம் இருக்கிறது. இதற்குத் தேவை புதுக் கருவிகளைவிட, இரு ஊர் மருத்துவர்களுக்கும் இடையே எழுதப்பட்ட ஒப்பந்தம். கரு வைத்தபின் இரண்டு வாரம் சென்னை விடுதியில் படுத்தே கிடக்கும் வழக்கமும் தேவையற்றது. படுக்கை ஓய்வால் கரு ஒட்டும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

தொட்டி எங்கே இருக்க வேண்டும்?

திரவ நைட்ரஜன் தொட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. ஆவியாகும் நைட்ரஜனை அவ்வப்போது நிரப்பினால் போதும். நியூ ஆர்லியன்ஸில் 2005-இல் கத்ரீனா புயலின்போது வெள்ளத்தில் சிக்கிய மருத்துவமனையிலிருந்து சுமார் 1,400 உறைகருக்கள் படகில் மீட்கப்பட்டன. அவற்றில் ஒன்று 2007-இல் குழந்தையாகப் பிறந்தது. மாறாக 2018 மார்ச்சில் கிளீவ்லாந்தில், புயலும் இல்லை வெள்ளமும் இல்லை, தொட்டி சூடேறி நான்காயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் அழிந்தன. எச்சரிக்கைக் கருவி அணைந்திருந்தது. இயற்கைச் சீற்றத்தைவிடக் கவனக்குறைவு கூடுதலாக அழிக்கும் என்பதற்கு இந்த இரண்டும் சான்று.

அந்தமான் நிக்கோபார் நிலநடுக்க ஆபத்தின் உச்ச மண்டலம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கு இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் மூவாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேல். நைட்ரஜனுக்குக் கப்பலையோ உள்ளூர் உற்பத்தியையோ நம்பியிருக்கும் இடத்தில் நீண்டகாலச் சேமிப்பை நிறுவுவது, இன்றைய நிலையில், விவேகமாகத் தோன்றவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டு, அந்தச் சுனாமியில் குழந்தைகளைப் பறிகொடுத்த தமிழகக் கடலோரப் பெண்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் சிகிச்சையை அரசு தன் செலவில் செய்துகொடுத்தது. உறைகருவை இத்தகைய இழப்புக்கான காப்பீடாகக் கருதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கருவைச் சேமித்தவர்களுக்கு அது ஒரு கூடுதல் வாசல். காப்பீடு என்று விற்க அதற்கு உத்தரவாதம் போதாது.

பத்து ஆண்டுக் கணக்கு

2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், உறைகருவைப் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அதன்பின் அழிய விட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குத் தர வேண்டும். பிரிட்டன் 2022-இல் இந்த எல்லையை, பத்து ஆண்டுக்கு ஒருமுறை சம்மதத்தைப் புதுப்பிக்கும் நிபந்தனையோடு, 55 ஆண்டாக உயர்த்தியது. முப்பது ஆண்டு உறைந்த கருக்களும் அமெரிக்காவில் குழந்தைகளாகப் பிறந்திருக்கின்றன. உயிரியல் பத்தாண்டு எல்லையை நியாயப்படுத்தவில்லை. கேட்பாரற்ற கருக்கள் குவிவதைத் தடுக்கும் நிர்வாகக் காரணமே மிச்சம். அதையும் எளிதில் தள்ளிவிட முடியாது. மறுபக்கம், 2024 பிப்ரவரியில் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் உறைகருவையும் குழந்தையாகக் கருதித் தீர்ப்பளித்தபோது அங்கே பல மையங்கள் சிகிச்சையையே நிறுத்தின. கருவுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்பதற்கும் அதுவே முழு மனிதர் என்பதற்கும் இடையில் இந்தியச் சட்டம் நிற்கிறது. அது சரியான இடம் என்றே படுகிறது.

2025 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி தெளிவாக்கியது. வாடகைத்தாய்ச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2022 ஜனவரி 25-க்கு முன்பே அம்முறைக்காகக் கருவை உருவாக்கி உறைய வைத்த தம்பதிகளை அச்சட்டத்தின் வயது வரம்பு கட்டுப்படுத்தாது என்றது. உறைய வைத்த நாளே உரிமை தொடங்கும் நாள் என்ற இந்தப் பார்வை, பயணத்துக்கும் பணத்துக்கும் காத்திருந்து வயதைக் கடக்கும் தொலைதூரத் தம்பதிகளுக்கும் விரியுமா என்பது இனி வரும் வழக்குகளில் தெரியும்.

முடிவாகாதவை

இயற்கைச் சுழற்சியின் மேன்மை, பெரிய ஆய்வுகளில் நிலைக்குமா என்பது திறந்தே இருக்கிறது. உறைகருவால் பிறந்தோரின் நடுவயது ஆரோக்கியம் எப்படி என்று சொல்ல அவர்களில் போதிய எண்ணிக்கையினர் அந்த வயதை இன்னும் எட்டவில்லை. செலவை யார் ஏற்பது என்பது மருத்துவம் தாண்டிய கேள்வி. கோவா மருத்துவக் கல்லூரி 2023-இல் இச்சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியது. தமிழக அரசு எழும்பூருக்கும் மதுரைக்கும் மையங்கள் அறிவித்தது. அந்தத் தமிழக மையங்களில் தீவுவாசிகளுக்கு இடம் கேட்டுப் பெறும் பொறுப்பு அந்தமான் நிர்வாகத்துக்கு உண்டு. சட்டப்படி ஒவ்வொரு மையமும் தேசியப் பதிவேட்டுக்குத் தகவல் தர வேண்டும். அதில் தம்பதியின் ஊரும், எந்தச் சுழற்சியில் கரு வைக்கப்பட்டது என்பதும், பிரசவத்தில் தாய்க்கு நேர்ந்ததும் சேர்ந்து வெளியானால், இன்று ஊகமாகச் சொல்லப்படும் பலவற்றுக்கு எண்ணால் பதில் கிடைக்கும்.

அதுவரை, சென்னைக்குச் சீட்டு எடுக்கும் தம்பதி மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். எனக்கு உறைய வைப்பது எதற்காக? கரு வைப்பது என் இயற்கைச் சுழற்சியிலா, மருந்துச் சுழற்சியிலா? ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் நான் இருக்கும் தீவில் என்னைப் பார்க்கப்போகும் மருத்துவரிடம் இந்தக் கோப்பு இருக்குமா?